கை ஹேண்டில்பாரில் இருக்கும்போது

மெட்ரோவில் உட்கார்ந்திருப்பவர் கையில் செல்போன். பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவரின் இன்னொரு கையிலும் செல்போன். கார் ஓட்டுகிறவர் சிவப்பு விளக்கு விழுந்ததும் முதலில் எடுப்பது அதைத்தான். நடந்து போகிறவர்கூடக் குனிந்த தலையோடுதான் போகிறார். பைக்கில் போகிறவருக்குக் கை ஓயாது என்றாலும், அந்த வேகம் கண்ணையும் மனதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு கைகளுக்கும் வேலை கொடுத்துவிட்டு, மனதை மட்டும் அதன் போக்கில் விட்டுவைக்கிற வாகனம் இன்று சைக்கிள் ஒன்றுதான்.

சைக்கிளுக்காக வாதாடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். உடம்புக்கு நல்லது, காற்றுக்கு நல்லது. இரண்டும் உண்மை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவருக்குக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் கிடைக்கிறது. நேற்றுப் பார்த்த படத்தின் ஒரு காட்சி அப்போது திரும்ப வரும். பாதி மறந்த பாட்டின் சரணம் திடீரென்று முழுதாக நினைவுக்கு வரும். ஒரு வாக்கியம் எங்கிருந்தோ வந்து, கால் மிதிக்கிற வேகத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கவிதைக்கும் சினிமாவுக்கும் விதை விழுகிற நேரம் இது. சைக்கிளைப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் மட்டும் எழுதிவைத்திருப்பதால், சாலையிலிருந்து அது விரட்டப்படும்போது நாம் இழப்பது என்ன என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

உடம்பு ஒரே சீரில் இயங்கும்போது மனம் கிளைவிட்டுப் போகும் என்பது கவிஞர்களுக்குப் பழைய செய்தி. ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும். 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட நடந்தபோது மனிதர்களின் புதுக் கற்பனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெளியே மரம், செடி, வானம் என்று பார்த்துக்கொண்டு நடந்தவர்களுக்கு மட்டுமன்றி, அறைக்குள் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களைக் கொடுத்தபோது நடை உதவவில்லை. மதிப்பெண் கொஞ்சம் குறையக்கூடச் செய்தது. கணக்குப் போட நாற்காலி வேண்டும், கற்பனைக்குக் கால் வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆய்வு நடையைப் பற்றியதே தவிர சைக்கிளைப் பற்றியது அல்ல. இருந்தாலும் காலின் சீரான இயக்கம் இரண்டுக்கும் பொது.

அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் துணைத் தலைவர் அவர். வீட்டிலிருந்து அலுவலகத்துக்குத் தினமும் நடந்தே போவார். போகிற வழியில் வரிகளை மனதுக்குள் கோத்து, அலுவலகம் சேர்ந்ததும் எழுதிக் கொடுத்தால் செயலாளர் தட்டச்சு செய்துவிடுவார். அவர் நடந்த பாதையில் இன்று அவருடைய ஒரு கவிதையின் பதின்மூன்று பகுதிகளைப் பதின்மூன்று கற்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கவிஞர் ஃபிலிப் லார்கினுக்கு நடையின் இடத்தில் சைக்கிள். 1955 முதல் 1985இல் சாகும்வரை ஹல் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர், ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்ப் பழைய தேவாலயங்களைப் பார்ப்பதில் ஆசை கொண்டவர். அவருடைய பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் தேவாலயக் கவிதையில் பேசுகிற மனிதரும் சைக்கிளில் வந்தவர்தான். பேன்ட் செயினில் சிக்காமலிருக்கப் போடுகிற கிளிப்புகூட அந்தக் கவிதைக்குள் வந்துவிடுகிறது.

ஸ்டீவன்ஸும் லார்கினும் முழுநேர எழுத்தாளர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுடைய கவிதை பிறந்தது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில். ஜிம் ஜார்முஷ் 2016இல் எடுத்த ‘பேட்டர்சன்’ என்ற படம் முழுக்க முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியதுதான். அதில் ஆடம் டிரைவர் நடித்திருக்கும் பேருந்து ஓட்டுநர், காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் கிடைக்கிற நிமிடங்களிலும் மதியச் சாப்பாட்டு வேளையிலும் ஒரு நோட்டில் கவிதை எழுதுகிறார். நடந்தே வேலைக்குப் போய், நடந்தே திரும்புகிறார். அவரிடம் செல்போன் கிடையாது. படத்துக்கான கவிதைகளில் பெரும்பாலானவற்றைக் கொடுத்தவர் ரான் பேட்ஜெட் என்ற அமெரிக்கக் கவிஞர். இரண்டு மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் பெரிய சம்பவம் என்று எதுவும் கிடையாது. ஒரு மனிதன் தன் பாட்டுக்கு யோசித்துக்கொண்டு போவதைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

தமிழில் இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, சுண்ணாம்பு இடிக்கிற பாட்டு எல்லாமே உடம்பு அசைகிற கணக்கில் பிறந்தவை. ஏற்றம் இறைக்கிறவர் பாடிய ஒரு வரியைக் கம்பர் கேட்டதாகவும், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் இரவெல்லாம் தவித்து, மறுநாள் அதே இடத்துக்கு வந்து காத்திருந்ததாகவும் ஒரு கதை வழங்கி வருகிறது. நடந்ததோ இல்லையோ, கதையைக் கட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. உழைக்கிற உடம்பிலிருந்து வருகிற வரிக்குக் கவிச்சக்கரவர்த்தியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

சைக்கிளில் போகிறவரால் அந்த வரியை உடனே குறித்துக்கொள்ள முடியாது. கையை விட்டால் விழுந்துவிடுவார். வந்த வரியைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அப்படிச் சொல்லும்போது வேண்டாத சொல் தானே உதிர்ந்துவிடும். வாயில் நிற்காதது வழியிலேயே போய்விடும். வீடு சேரும்வரை மிஞ்சுகிற வரி, சீர் பிடித்த வரியாக இருக்கும். நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கிடைக்காத சல்லடை இது. கவிதைப் பட்டறை நடத்துகிறவர்கள் மாணவர்களை ஒரு நாள் சைக்கிளில் அனுப்பிப் பார்க்கலாம்.

சினிமாவுக்கு வருவோம். சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கிறவரின் கண், நடக்கிறவரின் கண்ணைப் போல ஏறி இறங்குவதில்லை. குலுங்காமல், ஒரே சீராக முன்னே நகர்கிறது. டிராலி ஷாட் என்று சினிமாக்காரர்கள் தண்டவாளம் போட்டு எடுக்கிற காட்சி இதுதான். டீக்கடை பெஞ்ச், இஸ்திரி வண்டி, பள்ளிக்கூட வாசல், சுவரில் பாதி கிழிந்த போஸ்டர் என்று வெட்டே இல்லாத ஒரே ஷாட்டாகத் தெரு ஓடுகிறது. கார் கண்ணாடி வழியே பார்க்கிறவருக்கு முகங்கள் தெரிவதில்லை. சைக்கிளில் போகிறவருக்கு முகம் தெரியும், அதற்குப் பின்னால் வீட்டுக்குள் எரிகிற விளக்கும் தெரியும். வறுத்த மிளகாயின் நெடியும் வந்து சேரும்.

விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ 1948இல் வந்தது. ரோம் நகரத்தில் நெடுநாள் வேலையில்லாமலிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அவனுடைய சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய் அடகுவைத்து அதை மீட்கிறாள். கடைக்காரர் அந்த மூட்டையை வாங்கி, கூரைவரை உயர்ந்து நிற்கும் அலமாரியில் ஏறி ஏறி, ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு நடுவே செருகிவைக்கிறார். ஒரு நகரத்தின் வறுமையைச் சொல்ல வசனம் எதற்கு? அந்த அலமாரி போதும். மறுநாள் விடிகாலையில் மகன் சைக்கிளைத் துடைக்கிறான். அடகுக்கடையில் அதற்கு ஏற்பட்ட நசுங்கலைக் கண்டுபிடித்துக் கோபப்படுகிறான். அப்பாவும் பிள்ளையும் ஒரே சைக்கிளில் வேலைக்குக் கிளம்புகிறார்கள். உலக சினிமாவில் வேலைக்குப் போகும் பயணத்தை இவ்வளவு சந்தோஷமாகக் காட்டிய காட்சி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. அன்றைக்கே சைக்கிள் திருடு போகிறது. அந்த அப்பாவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜ வாழ்க்கையிலும் ஓர் ஆலைத் தொழிலாளி.

கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த சத்யஜித் ராய், 1950இல் கம்பெனி வேலையாக லண்டன் போனபோது இந்தப் படத்தைப் பார்த்தார். தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், நிஜத் தெருவில், இருக்கிற வெளிச்சத்தில் படமெடுக்க முடியும் என்ற நம்பிக்கை அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. கப்பலில் ஊர் திரும்பும்போதே ‘பதேர் பாஞ்சாலி’க்கான குறிப்புகளை எழுதத் தொடங்கிவிட்டார். 1952 அக்டோபரில் முதல் படப்பிடிப்பு. வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் எடுத்த படம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணற்பூக் காட்டில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. மீதிக் காட்சிக்கு அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. டி சிகாவின் படம் அந்த விழாவில் இருந்தது.

சைக்கிள், சினிமா, கவிதை மூன்றையும் ஒரே ஆயுளுக்குள் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் யோர்கன் லெத். 1937இல் ஆர்ஹுஸ் நகரத்தில் பிறந்தவர்; கவிஞர், திரைப்பட இயக்குநர். பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் தெ ஃபிரான்ஸுக்குப் பல ஆண்டுகள் டேனிஷ் தொலைக்காட்சியில் வர்ணனை செய்து, கவிதை வாசிக்காதவர்களுக்கும் வீட்டுக் குரலாகிப்போனவர். 1973இல் நடந்த இத்தாலியப் பந்தயத்தைப் பற்றி அவர் எடுத்த படத்தின் பெயர் ‘நட்சத்திரங்களும் தண்ணீர் சுமப்பவர்களும்’. பந்தயத்தில் ஜெயிக்கிற எடி மெர்க்ஸ் நட்சத்திரம். தண்ணீர் சுமப்பவர்கள் யார்? தலைவனுக்காகக் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகிறவர்கள். பின்னால் போய்ப் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறவர்கள். பரிசு மேடையில் ஒருநாளும் ஏறாதவர்கள். அவர்களைத் தலைப்பிலேயே வைத்தது ஒரு கவிஞனின் முடிவு.

லெத்தின் ‘நரகத்தில் ஒரு ஞாயிறு’ 1976இல் நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தைப் படமாக்கியது. சுமார் 270 கிலோமீட்டர். வழியில் வண்டித் தடங்களாக இருந்த பழைய கருங்கல் சாலைகள். இருபதுக்கும் மேற்பட்ட கேமராக்கள், ஒரு ஹெலிகாப்டர். இவ்வளவும் வைத்துக்கொண்டு படத்தை எங்கே தொடங்குகிறார் தெரியுமா? ஒரு மெக்கானிக் நிதானமாகச் சைக்கிளைச் சுத்தம் செய்கிறார். பல்சக்கரமும் செயினும் பிரஷ்ஷும் மட்டும் திரையில். போராட்டம் நடத்துகிற அச்சகத் தொழிலாளர்கள் நடுவழியில் பந்தயத்தை மறிப்பதையும் அவர் வெட்டாமல் வைத்திருக்கிறார். விளையாட்டுச் செய்தியாளராக இருந்தால் அதைத் தடங்கல் என்று ஒதுக்கியிருப்பார்.

2003இல் வெளியான ஒரு படத்துக்காக, இயக்குநர் லார்ஸ் வான் ட்ரையர் அதே லெத்துக்கு ஒரு சவால் விட்டார். லெத் 1967இல் எடுத்த ஒரு குறும்படத்தை, தான் விதிக்கும் தடைகளுக்குள் ஐந்து முறை திரும்ப எடுக்க வேண்டும். முதல் தடை: கியூபாவில் எடுக்க வேண்டும், எந்த ஷாட்டும் பன்னிரண்டு ஃபிரேமுக்கு மேல் போகக் கூடாது. அதாவது அரை விநாடி. அதற்குள் ஒரு மனிதன் தலையைத் திருப்பவே நேரம் போதாது. கெடுப்பதற்காகப் போட்ட தடையிலிருந்து லெத் கொண்டுவந்ததோ துள்ளிக்கொண்டு போகிற ஒரு படம். கையைக் கட்டினால் கற்பனை வேறு வழி தேடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் சினிமா வரலாற்றில் இல்லை. ஹேண்டில்பாரில் கை கட்டுண்டு கிடக்கிற நேரத்தில் நடப்பதும் இதுவே.

தமிழ் எழுத்தில் சைக்கிளுக்கு ஒரு பெரிய நாவல் உண்டு. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1948இல் நிஜாம் ஆட்சி முடிகிற நாட்களில் செகந்திராபாத், ஹைதராபாத் தெருக்களில் சந்திரசேகரன் என்ற இளைஞன் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருக்கிறான். அரசியல் மாற்றம் அவனுக்குச் செய்தித்தாளில் வருவதற்கு முன்னால் தெருவில் வந்துவிடுகிறது. எந்தச் சந்து பயமாகிப் போனது, எந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார்கள் என்பதெல்லாம் சைக்கிளில் போகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். பின்னாளில் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, சினிமா உலகத்தின் கடைநிலை ஆட்களை வைத்துக் ‘கரைந்த நிழல்கள்’ எழுதியவரும் இதே அசோகமித்திரன்தான். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று புரியும்: அவருடைய உரைநடை எந்த இடத்திலும் சட்டென்று வேகம் பிடிப்பதில்லை, எந்த இடத்திலும் நிற்பதும் இல்லை.

நம்மூர் சினிமா ரசனையே ஒரு காலத்தில் சைக்கிள் ஸ்டாண்டில்தான் வளர்ந்தது. தியேட்டர் வாசலில் சைக்கிளை விட்டு, நம்பர் போட்ட டோக்கனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு டிக்கெட் வரிசைக்கு ஓடுவார்கள். இரண்டாம் ஆட்டம் முடிந்ததும் வரிசையாக நிற்கிற நூற்றுக்கணக்கான சைக்கிள்களில் தன்னுடையதைத் தேடி எடுத்து, டபுள்ஸ் ஏற்றி, டைனமோ விளக்கு மினுக்க மினுக்க ஊர் திரும்புவார்கள். விளக்கு இல்லாத சைக்கிளைப் போலீஸ் பிடிக்கும் என்பதால் வழியில் பேச்சோடு பேச்சாக ஒரு கண் தெருமுனையிலேயே இருக்கும். ஐந்து மைல் மிதித்து முடிப்பதற்குள் படம் முழுதும் மறுபடி ஒரு முறை ஓடிவிடும். எந்த இடத்தில் பாட்டு தேவையில்லை, வில்லன் ஏன் அப்படிப் பேசினான், கிளைமாக்ஸ் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று கேரியரில் உட்கார்ந்திருப்பவரும் மிதிக்கிறவரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். விமர்சனம் அச்சில் வருவதற்கு முன் அங்கேதான் எழுதப்பட்டது. இன்றைய மல்டிபிளெக்ஸில் படம் முடிந்து லிஃப்ட் இறங்குவதற்குள் செல்போனில் நட்சத்திர மதிப்பெண் போட்டாகிவிடுகிறது. படம் மனதில் ஊறுவதற்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை.

ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் 2024இல் எடுத்த ‘குரங்கு பெடல்’ அந்தக் காலத்தைத் திரும்பத் தருகிறது. கோடை விடுமுறையில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றுக்கொள்ளத் துடிக்கிற ஒரு பையன். சைக்கிளே ஓட்டத் தெரியாத அவனுடைய அப்பா. சீட்டில் உட்காரக் கால் எட்டாத பிள்ளைகள், முக்கோண ஃபிரேமுக்குள் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து, அரை மிதி அரை மிதியாக ஓட்டுவதுதான் குரங்கு பெடல். தன் அளவுக்குச் செய்யப்படாத ஒரு பெரிய பொருளைத் தன் உடம்புக்கேற்ப மாற்றிக்கொள்கிற அந்தச் சாமர்த்தியத்தை, படைப்பாற்றலின் முதல் பாடம் என்று சொன்னால் மிகையில்லை. அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஊர் ஊராகப் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சைக்கிள் தருகிற, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் பெண்களுக்கு வெகுநாள் மறுக்கப்பட்டிருந்தது. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு விவரம் சொல்கிறார்: லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளே பல பெண்களுக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். அந்த இயக்கம் பரவியதில் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு மாவட்டத்துப் பெண்கள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வாகனம் ஓட்டக் கற்றுக்கொண்ட சம்பவம் வேறெங்கே நடந்திருக்கிறது? சவூதி அரேபியாவில் முழுக்க எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படமான ‘வஜ்தா’ (2012) கூட ஒரு சிறுமி சைக்கிளுக்கு ஆசைப்படுகிற கதைதான். தெருவில் ஆண்களோடு நின்று வேலை வாங்க முடியாத நிலையில், அதன் பெண் இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் படத்தை இயக்கினார்.

யாழ்ப்பாணத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோலும் மின்சாரமும் பேட்டரியும் இல்லாமல் போன குடாநாட்டில் சைக்கிள்தான் எல்லாம். பள்ளிக்கூடம் போனதும் சைக்கிளில், விறகு வந்ததும் சைக்கிளில், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும் சைக்கிளில். ராத்திரியில் அதே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்டார்கள். செய்தியும் அதில்தான், சினிமாப் பாட்டும் அதில்தான். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டும் தளரும். ஒரு பாட்டைக் கேட்க ஒரு மனிதன் உடம்பால் உழைக்க வேண்டியிருந்த அந்த வீடுகளில், பாட்டுக்கு இருந்த மதிப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 2022இல் இலங்கையில் எரிபொருள் நெருக்கடி வந்தபோது கொழும்பில்கூட மக்கள் சைக்கிளைத் தேடி அலைந்தார்கள்.

‘இந்த வெயிலில் யார் மிதிப்பது?’ என்று கேட்பார்கள். மிதிக்கிறவர்கள் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த பிற வேலைகளில் உள்ள இந்தியர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் வேலைக்குப் போனது சைக்கிளில். கொத்தனார், பெயின்டர், வாட்ச்மேன், பால்காரர், பேப்பர் போடுகிற பையன், தொழிற்பேட்டையில் ஷிஃப்ட்டுக்குப் போகிற தொழிலாளி. ஹெல்மெட்டும் விலையுயர்ந்த கியர் சைக்கிளுமாக ஞாயிறு காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறவர்களை மட்டும் சைக்கிள்காரர்கள் என்று நினைக்கிற அதிகாரிகளுக்கு இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இவர்களுக்குக் கற்பனை கிடையாது, கவிதை கிடையாது என்று முடிவுகட்ட யாருக்கும் உரிமை இல்லை. அறிவொளி மேடைகளிலும் தொழிற்சங்கக் கலை இரவுகளிலும் எழுதிப் பாடியவர்களில் எத்தனையோ பேர் சைக்கிளில் வந்து சைக்கிளில் போனவர்கள்.

அவர்களிடமிருந்து அந்த நேரத்தைப் பறிப்பது வெயில் அல்ல, பயம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும்போது எந்த வரியும் மனதில் நிற்காது. மேம்பாலம் இறங்குகிற இடத்தில் எந்தப் பக்கமிருந்து எது வரும் என்று தெரியாதபோது கண்ணுக்கும் காதுக்கும் வேறு வேலை இருக்காது. கற்பனைக்குத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். அதற்கு முன்னால் உயிருக்கு உத்தரவாதம் வேண்டும். சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை 2014இலேயே ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் பெரும்பங்கை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாக அதில் எழுதியும் வைத்தது. சில தெருக்களில் நடைபாதை அகலமானது உண்மை, அதை வரவேற்க வேண்டும். சைக்கிளுக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை. கோடு போட்ட இடத்தில் கார் நிற்கிறது.

கோபன்ஹேகனில் நோரெப்ரோகேட் என்ற சாலையில் 2007 முதல் பச்சை விளக்குகளைச் சைக்கிளின் வேகத்துக்குத் திருத்தி வைத்திருக்கிறார்கள். காலையில் நகரத்துக்குள் வருகிறவர்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், ஒரு சிக்னலிலும் கால் ஊன்றாமல் போய்விடலாம். மாலையில் அதே ஏற்பாடு எதிர்த்திசையில். அந்த ஊர்ப் பொறியாளர்கள் சைக்கிள்கள் தடையின்றிப் போகத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் அந்தச் சாலையில் தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, யாரும் குறுக்கிடாமல் ஒரு நினைவை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்துவிட்டது. இதற்குப் பெரிய செலவு கிடையாது. பாலம் கட்ட வேண்டாம். சிக்னல் பெட்டிக்குள் நேரத்தை மாற்றினால் போதும்.

தமிழ்நாட்டு அரசு 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சைக்கிளைக் கொடுத்த அரசு, அதை ஓட்டுவதற்கான பாதையையும் கொடுத்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ போகும்போது அந்தப் பெண்கள் சைக்கிளை வீட்டில் சாத்திவைப்பதற்கு முதல் காரணம் சாலைதான். தொடங்குவதற்கு அம்பத்தூரை எடுத்துக்கொள்ளலாம். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து சைக்கிள் ஆலையை நிறுவிய ஊர் அது. இன்றும் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் மாறும் வேளைகளில் சைக்கிளில் வருகிறவர்களைப் பார்க்கலாம். தொழிற்பேட்டைச் சாலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் கான்கிரீட் தடுப்போடு ஒரு சைக்கிள் பாதை, இரண்டு பக்கமும் புங்க மரம், காலை ஏழு முதல் ஒன்பதுவரை மணிக்கு 15 கிலோமீட்டருக்குத் திருத்திய சிக்னல்கள் என்று மாநகராட்சி ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். அதோடு, நகரத்தில் உரிமம் புதுப்பிக்கிற ஒவ்வொரு தியேட்டரும் கார் நிறுத்தும் இடத்தோடு ஒரு சைக்கிள் ஸ்டாண்டும் வைத்தாக வேண்டும் என்று உரிம விதிகளில் ஒரு வரி சேர்த்துவிட்டால், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு வீடு போக நினைக்கிறவருக்கு வண்டியை விட ஓர் இடமாவது இருக்கும்.